நோகாமல் கவ்வும் வாய்

மாட்டாஸ்பத்திரியில் வேலை பார்த்தவர்கள் பெரும்பாலும் மாட்டைப் பற்றித்தான் பேசுவார்கள். சினை ஊசி, கோமாரித் தடுப்பூசி, கன்றுக்குப் பூச்சி மருந்து என்றுதான் எங்கள் பொழுது போகும். கள்ளக்குறிச்சிப் பக்கத்திலும் பிறகு கல்வராயன் மலையிலும் கால்நடை ஆய்வாளராக இருந்த எனக்கும் அப்படித்தான் போனது. ஆனால் ஓய்வுபெற்ற பிறகு, பழைய நாட்களை நினைத்தால் மனதில் முதலில் வந்து நிற்பவை சில நாய்கள். அவற்றின் நிறமோ உயரமோ அல்ல, வாய்தான் நினைவில் இருக்கிறது. எதைக் கவ்வின, எவ்வளவு அழுத்தின, எப்போது விட்டன என்பதெல்லாம் இன்றும் என் கைக்குத் தெரியும்.

கள்ளக்குறிச்சி அப்போது விழுப்புரம் மாவட்டத்தில் இருந்தது. தனி மாவட்டமானது 2019 நவம்பரில்தான். ஊரைச் சுற்றி எந்தச் சாலையில் போனாலும் ரைஸ் மில் தென்படும். அப்படி ஒரு மில்லில், முதலாளி ஜூலி என்ற மஞ்சள் நிற லாப்ரடாரை வளர்த்தார். களத்தில் அவித்த நெல் காயும். ஓரத்தில் மில் வாட்ச்மேன் வீட்டுக் கோழி குஞ்சுகளோடு மேயும். ஜூலி நிழலில் படுத்துப் பார்த்துக்கொண்டிருக்கும். நெல் ஊறவைத்த தண்ணீர் ஒரு வாய்க்கால் வழியாக வெளியே போகும். ஒருநாள் நான் அங்கே மாடு பார்க்கப் போயிருந்தபோது குஞ்சு ஒன்று அந்த வாய்க்காலில் விழுந்துவிட்டது. தாய்க்கோழி கரையில் கத்தியது. நெல் தள்ளிக்கொண்டிருந்த பெண்கள் ஓடி வருவதற்குள் ஜூலி தண்ணீரில் இறங்கி, குஞ்சை வாயில் எடுத்துக்கொண்டு மேலேறிவிட்டது.

“ஐயோ, முழுங்கிடிச்சே!” என்று ஒரு பெண் அலறினார். குஞ்சு வெளியே தெரியவில்லை. ஜூலி நேராக முதலாளியிடம் வந்து நின்றது. அவர் குனிந்து உள்ளங்கையை நீட்டி, “குடும்மா” என்றார். வாய் திறந்தது. குஞ்சு அவர் கையில் விழுந்து, சிலிர்த்து, கீச்சிட்டது. வாங்கிப் பார்த்தேன். வேலைப் பழக்கத்தில் விரல்கள் தாமாகவே விலாவைத் தடவின. எலும்பு எதுவும் ஒடியவில்லை. தோலில் ஒரு பல் பதிந்த தடம்கூட இல்லை. முட்டையிலிருந்து வந்து சில நாட்களே ஆன உயிர் அது. கட்டைவிரலால் கொஞ்சம் அழுத்தினாலே போய்விடும். எலும்பை நொறுக்கும் தாடை அதைத் தூக்கி வந்து உயிரோடு ஒப்படைத்திருந்தது.

அன்று மாலை எங்கள் ஆஸ்பத்திரி டாக்டரிடம் இதைச் சொன்னேன். அவர் வியக்கவில்லை. “அதுக்குத்தானே அந்த ஜாதியையே உண்டாக்கினாங்க” என்றார். பிறகு அவர் சொன்னதும் நான் படித்துத் தெரிந்துகொண்டதும் சேர்ந்து எனக்கு ஒரு பெரிய கதையாக விரிந்தது.

லாப்ரடாரின் முன்னோர் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக் கரையில் மீனவர்களோடு இருந்த நாய்கள். குளிர்ந்த கடலில் குதித்து, தூண்டிலிலிருந்து நழுவிய மீனையும் மிதக்கும் வலைக் கயிற்றையும் இழுத்து வருவது அவற்றின் வேலை. அவற்றைக் கப்பலில் இங்கிலாந்துக்கும் ஸ்காட்லாந்துக்கும் கொண்டுபோன பிரபுக்கள் பறவை வேட்டைக்குப் பழக்கினார்கள். துப்பாக்கியால் சுட்ட வாத்தும் கௌதாரியும் புதரிலோ ஏரியிலோ விழும். நாய் மோப்பம் பிடித்துப் போய் எடுத்து வர வேண்டும். சிதைந்து வந்த பறவையைச் சமையலறையிலும் வாங்க மாட்டார்கள், சந்தையிலும் வாங்க மாட்டார்கள். அதனால் பறவையை நசுக்காமல் கொண்டுவரும் நாய்களையே தலைமுறை தலைமுறையாகச் சேர்த்து இனப்பெருக்கம் செய்தார்கள். நசுக்கிய நாய்க்கு வாரிசு இல்லை. 1903இல் இங்கிலாந்தின் கென்னல் கிளப் லாப்ரடாரைத் தனி இனமாக ஏற்றது. கோல்டன் ரெட்ரீவரின் கதையும் இதை ஒட்டியதுதான். ஸ்காட்லாந்து மலைநாட்டில் கீசகன் என்ற பண்ணையில், பின்னாளில் ட்வீட்மவுத் பிரபு ஆன டட்லி மார்ஜோரிபேங்க்ஸ், நவுஸ் என்ற மஞ்சள் ரெட்ரீவரையும் பெல் என்ற நீர் ஸ்பானியலையும் சேர்த்து 1868இல் எடுத்த ஈற்றிலிருந்து அந்த இனம் தொடங்கியது.

இன்றும் அந்த நாடுகளில் நடக்கும் களப் போட்டிகளில் ஒரு சோதனை உண்டு. நாய் கொண்டுவந்த பறவையை நடுவர் உள்ளங்கையில் வைத்து, இரு பக்க விலாவையும் விரலால் தடவிப் பார்ப்பார். விலா உள்ளே அமுங்கியிருந்தால், எவ்வளவு வேகமான நாயானாலும், எவ்வளவு அழகாக ஓடியிருந்தாலும் போட்டியிலிருந்து வெளியேற்றிவிடுவார்கள். இதைப் படித்தபோது மில் களத்தில் என் விரல்கள் செய்த வேலை நினைவுக்கு வந்தது. முரட்டு வாயை அவர்கள் திருத்தக்கூடிய குறையாகப் பார்ப்பதில்லை. அந்த இனத்தின் அடிப்படையே அதில் தவறிவிட்டது என்று கருதுகிறார்கள்.

அப்படியானால் லாப்ரடார் என்றாலே வாய் மெதுவாக இருக்குமா? இருக்காது என்பதை ராக்கி எனக்குக் காட்டியது.

ராக்கியும் லாப்ரடார்தான், கறுப்பு. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு குடும்பம் வெளியூரிலிருந்து வாங்கி வந்திருந்தது. அந்த வீட்டம்மா ஆஸ்பத்திரிக்குக் கூடையில் தூக்கி வந்தபோது, குட்டிக்கு நோய் ஒன்றும் இல்லை. அவருடைய முன்கையிலும் பிள்ளைகளின் விரல்களிலும்தான் கீறல்கள். “சார், இது நெஜமாவே லேப்தானா? ஏமாத்திட்டாங்களா?” என்று கேட்டார். தாயிடமிருந்து எப்போது பிரித்தார்கள் என்று டாக்டர் கேட்டார். பிறந்து ஒரு மாதம்கூட ஆகாதபோதே பிரித்துவிட்டார்கள். குட்டி பொம்மை மாதிரி சின்னதாக இருக்கும்போதே வேண்டும் என்று பிள்ளைகள் ஆசைப்பட்டார்களாம். விற்றவரும் கொடுத்துவிட்டார்.

பிறந்து மூன்று வாரத்தில் குட்டிக்குப் பால் பல் முளைக்கத் தொடங்குகிறது. ஆறு வாரத்துக்குள் 28 பற்களும் வந்துவிடும், ஒவ்வொன்றும் குண்டூசி முனையாக. அதே நாட்களில்தான் குட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து விளையாடுகின்றன. ஒன்று அழுத்திக் கடித்தால் மற்றது வீலென்று கத்திவிட்டு விலகிப் போகும். விளையாட்டு நின்றுவிடும். தாயிடம் முரட்டுத்தனமாகப் பால் குடித்தால் அவள் உறுமுவாள், எழுந்து போய்விடுவாள். எந்த அழுத்தம் வரை விளையாட்டு, எந்த அழுத்தத்துக்கு மேல் தனிமை என்பதை ஒவ்வொரு குட்டியும் தன் தாடையில் இப்படித்தான் எழுதிக்கொள்கிறது. நான்கு மாதத்துக்கு மேல் பால் பற்கள் விழுந்து, பெரிய பற்கள் 42 வரும்போது இந்தப் பாடம் முடிந்திருக்க வேண்டும். ராக்கிக்குப் பாடம் தொடங்கும்போதே பள்ளியை மூடிவிட்டார்கள்.

வீட்டில் அதற்கு நேர்மாறான பாடம் நடந்தது. பிள்ளைகள் கையை ஆட்டி ஆட்டிக் காட்டி அதைத் துள்ளவைத்தார்கள். கடித்தால் சிரித்தார்கள். வலித்தபோது மூக்கில் அடித்தார்கள். சிரிப்புக்கும் அடிக்கும் நடுவில் குட்டிக்கு ஒன்றும் விளங்கவில்லை. கை என்றால் பாய்ந்து பிடிக்க வேண்டிய பொருள் என்பது மட்டும் விளங்கியது.

டாக்டர் சொன்ன வைத்தியத்தில் மருந்து எதுவும் இல்லை. பல் தோலில் பட்ட கணமே கையை உதறாமல், கத்தாமல், எழுந்து வேறு அறைக்குப் போய்விடுங்கள். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி வாருங்கள். கடிக்கத் துணியை முறுக்கிக் கொடுங்கள், கையைக் கொடுக்காதீர்கள். யாரும் அடிக்கக் கூடாது. தடுப்பூசிகள் முடிந்ததும் பொறுமையான பெரிய நாய் ஒன்றோடு பழகவிடுங்கள். அந்தப் பெரிய நாயாக ஜூலியைச் சொன்னவன் நான். மில் முதலாளியும் பெரிய மனதோடு சம்மதித்தார்.

ஜூலி பாடம் நடத்தியதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். ராக்கி அதன் காதைப் பிடித்துத் தொங்கும். முதலில் ஜூலி அசையாமல் நிற்கும். அழுத்தம் கூடினால் தொண்டைக்குள் ஓர் உறுமல் வரும். அதற்கும் விடவில்லை என்றால், ராக்கியின் முகவாயை முழுதாகத் தன் வாய்க்குள் வாங்கி, ஒரு நொடி பிடித்துவிட்டு விட்டுவிடும். அந்தப் பிடியில் பல் பதிந்ததே இல்லை. ஆனால் ராக்கி உடனே தரையில் படுத்துவிடும். பிறகு இரண்டும் ஒன்றும் நடக்காத மாதிரி விளையாடும். நாங்கள் வாரக்கணக்கில் வாயால் சொன்னதை ஜூலி தன் வாயாலேயே சொல்லிக்கொடுத்தது.

ராக்கி தேறியது. அந்தக் குடும்பம் அதைக் கடைசிவரை வைத்துக்கொண்டது. ஆனால் ஜூலியின் வாய் அதற்கு வரவே இல்லை. சந்தோஷம் மிகுந்தால் கையைப் பிடிக்கும், பிடி கொஞ்சம் வலிக்கும். பிஸ்கட் கொடுத்தால் விரலோடு சேர்த்து வாங்கும். லாப்ரடாரின் பசிக்கும் ரத்தத்தில் ஒரு காரணம் இருப்பதாக 2016இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டார்கள். ஏறத்தாழ நான்கில் ஒரு லாப்ரடாருக்குப் பசியைக் கட்டுப்படுத்தும் மரபணுவில் ஒரு குறை இருக்கிறது. தின்றாலும் அவற்றுக்குப் போதும் என்று தோன்றுவதில்லை. ராக்கிக்கு அது இருந்ததா என்று சோதித்துப் பார்க்கும் வசதி எங்களிடம் இல்லை. விரல் நுனியில் நீட்டாமல், விரித்த உள்ளங்கையில் வைத்துக் கொடுங்கள் என்று அந்த வீட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். அதன்பிறகு விரல்களில் காயம் இல்லை.

பிறகு எனக்கு மலைக்கு மாற்றல் வந்தது. கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையைக் கடந்து, வளைந்து வளைந்து ஏறினால் கரியாலூர், அப்புறம் வெள்ளிமலை. கிழக்குத் தொடர்ச்சி மலையின் இந்தப் பகுதி நெடுங்காலம் ஜாகீர்தார்கள் கையில் இருந்தது. 1976இல்தான் அரசின் நேரடி நிர்வாகத்துக்கு வந்தது. சாலையும் பள்ளியும் ஆஸ்பத்திரியும் தாமதமாகத்தான் ஏறி வந்தன. மலையாளிப் பழங்குடி மக்கள் சாமையும் மரவள்ளியும் பயிரிடுகிறார்கள், கடுக்காய் பொறுக்குகிறார்கள், ஆடு மாடு வளர்க்கிறார்கள். வீட்டுக்கு வீடு நாய் உண்டு. எல்லாம் நாட்டு நாய்கள்தான். பறவையை நோகாமல் எடுத்து வருவதற்காக அவற்றை யாரும் தலைமுறையாகத் தேர்ந்தெடுத்ததில்லை. அந்தக் காலத்தில் முயலைத் துரத்திப் பிடித்த நாய்களைப் பற்றிப் பெரியவர்கள் கதை சொல்வார்கள். 1972ஆம் ஆண்டு வன உயிரினச் சட்டத்துக்குப் பின் அது குற்றம் என்றும் அவர்களே சொல்வார்கள். அந்த நாய்களின் வாய் பிடிப்பதற்கும் உலுக்குவதற்கும் ஆனது. அதனால் மலைநாயிடம் முரட்டு வாயைத்தான் எதிர்பார்த்துப் போனேன்.

வெள்ளிமலைக்கு அப்பால் ஒரு சிற்றூரில், மரவள்ளிக் கொல்லையில் காட்டுப்பன்றியோடு மோதித் தொடை கிழிந்த ஒரு செவலை நாய்க்குக் கட்டுப் போடக் கூப்பிட்டார்கள். அந்த வீட்டுப் பாட்டி நாயின் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வாய்க்கட்டுப் போட வேண்டும் என்றேன். “வேணாம் தம்பி, நான் இருக்கேன்ல” என்றார். ஆழமான காயம். மண்ணும் சருகும் உள்ளே போயிருந்தன. கழுவக் கழுவ நாய் நடுங்கியது. ஒரு இடத்தில் விரல் பட்டதும் தலையைச் சடாரென்று திருப்பி என் மணிக்கட்டைக் கவ்வியது.

அந்தப் பிடியை நான் மறக்கவில்லை. கோரைப்பற்கள் நான்கும் தோலில் பட்டன. சூடான மூச்சு கையில் அடித்தது. ஆனால் அழுத்தம் இல்லை. முந்தின இரவு காட்டுப்பன்றியின் தோலைக் கிழித்த அதே தாடை, அவ்வளவு வலியிலும் என் கையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றது. “போதும்னு சொல்லுது தம்பி. கொஞ்சம் இரு” என்றார் பாட்டி. கையை இழுக்காமல் காத்திருந்தேன். அது தானாக விட்டது. கொஞ்ச நேரம் கழித்து மீதிக் காயத்தைக் கழுவிக் கட்டு முடித்தேன். கையில் எச்சில் ஈரம் மட்டும்தான் இருந்தது. ஒரு கீறல் இல்லை. இருந்தாலும் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டேன். அது எங்கள் தொழிலின் கட்டாயம்.

எப்படி வளர்த்தீர்கள் என்று பாட்டியிடம் கேட்டேன். அவருக்கு அந்தக் கேள்வியே புதிதாக இருந்தது. “நாங்க எங்க வளத்தோம்? அதோட தாயி வளத்துது” என்றார். திண்ணைக்கு அடியில் பிறந்த குட்டிகளைத் தாய் தானாக விலக்கும்வரை யாரும் எடுப்பதில்லை. பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தாலும் குட்டி நாள் முழுதும் தாயோடும் கூடப்பிறந்தவற்றோடும் அதே தெருவில்தான் புரளும். பிள்ளைகளும் அவற்றோடுதான் வளர்கிறார்கள். நான் கிளம்பும்போது அவர் பேத்தி, நடக்கக் கற்றுக்கொண்டிருந்த குழந்தை, வேகவைத்த மரவள்ளித் துண்டை நீட்டியது. கட்டுப் போட்ட காலோடு படுத்திருந்த செவலை கழுத்தை நீட்டி, உதட்டால் வாங்கிக்கொண்டது.

அன்றுதான் எனக்கு இது தெளிவானது. ரத்தம் ஒரு சாய்வைக் கொடுக்கிறது. ஜூலிக்கு அந்தச் சாய்வும் இருந்தது, தாயின் வளர்ப்பும் இருந்தது. ராக்கிக்குச் சாய்வு இருந்தும் வளர்ப்பு இல்லை. செவலைக்கு அந்தச் சாய்வே இல்லை, ஆனால் தாயும் தெருவும் பாட்டியின் மடியும் இருந்தன. அளவறிந்த வாய் எந்த நாய்க்கும் வரும். எந்த நாய்க்கும் வராமலும் போகும்.

நாயின் கடியையும் நம் மண் போற்றியிருக்கிறது. கல்வராயனுக்கு வடக்கே, செங்கம் பகுதியில் உள்ள எடுத்தனூரில் ஒரு நடுகல் இருக்கிறது. முதலாம் மகேந்திரவர்ம பல்லவன் காலத்தது, ஏழாம் நூற்றாண்டு. வீரனோடு சேர்ந்து அவனுடைய நாயும் அந்தக் கல்லில் செதுக்கப்பட்டிருக்கிறது. கோவிவன் என்று பெயர். கள்ளர் இருவரைக் கடித்துக் காவல் நின்றது என்று கல்வெட்டு சொல்கிறது. யாரைக் கடிக்க வேண்டும், எப்போது கடிக்க வேண்டும் என்று அறிந்த நாய்க்கே கல் நட்டார்கள். வீட்டுக் குழந்தையையும் கோழிக்குஞ்சையும் கடித்திருந்தால் நட்டிருப்பார்களா? பன்றிக்கு ஒரு வாய், பேத்திக்கு ஒரு வாய் என்று வைத்திருந்த செவலையை நினைக்கும்போதெல்லாம் கோவிவனும் என் நினைவில் கூடவே வருகிறது.

இதையெல்லாம் கேட்டுவிட்டு, நம் நாய் கடிக்காது என்று யாரும் அசட்டையாக இருந்துவிடக் கூடாது. எவ்வளவு சாந்தமான நாயும் காதில் சீழ் வைத்தால், பல் சொத்தையானால், தின்னும்போது தட்டை இழுத்தால், தூங்கும்போது மிதித்தால் கடிக்கும். என் அனுபவத்தில் நல்ல நாய் திடீரென்று கடித்தது என்று வந்தவர்களில் பலருடைய நாய்க்கு எங்கோ வலி இருந்தது. கடி சின்னதா பெரிதா என்று பார்க்கவும் கூடாது. ரேபீஸ் வந்துவிட்டால் காப்பாற்ற முடியாது. வராமல் தடுப்பது எளிது. 1907இல் குன்னூரில் பாஸ்டர் நிலையம் தொடங்கிய நாளிலிருந்து தமிழ்நாடு அறிந்த உண்மை இது. பல் கீறினாலே காயத்தை ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சளும் சுண்ணாம்பும் வைக்காதீர்கள். அன்றே அரசு ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போடுங்கள், எல்லாத் தவணையும் முடியும்வரை விடாதீர்கள்.

லாப்ரடாரும் கோல்டன் ரெட்ரீவரும் இப்போது கள்ளக்குறிச்சியிலும் சின்னசேலத்திலும் சங்கராபுரத்திலும் பல வீடுகளில் இருக்கின்றன. வாங்கப் போகிறவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது என்று 2017ஆம் ஆண்டின் நாய் வளர்ப்பு, விற்பனை விதிகளே சொல்கின்றன. அதற்கு முன் யாராவது நீட்டினால் வாங்காதீர்கள். தாயையும் மற்றக் குட்டிகளையும் காட்டச் சொல்லுங்கள். காட்டாதவரிடம் வாங்காதீர்கள். வீட்டுக்கு வந்த பிறகு கையை விளையாட்டுப் பொருளாக்காதீர்கள், அடிக்காதீர்கள். அந்த எட்டு வாரம் தாய்க்கும் குட்டிக்கும் உரியது. அதை அவற்றிடமே விட்டுவிடுங்கள்.